பெப்ரவரியில் அல்கொன்குவின் போகிறோம்: ஸ்னோஷூ, மூஸ், ஐஸ் ஹொக்கி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடல்முகம் (பாலையூற்று), டிசம்பர் 14, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக விடாத மழை, கடலும் கொந்தளிப்பு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நேரத்தில் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நானும் மகளும் பெப்ரவரியில் மூன்று கிழமைக்குப் போகிறோம். விசா கிடைத்துவிட்டது. மகள் இப்போதுதான் ஏ.எல். எழுதி முடித்தவள். சின்ன வயதிலிருந்தே நம் திருகோணமலை பிரட்ரிக் கோட்டை மான்களைப் பார்த்து, படம் பிடித்து, எந்த மான் எந்தக் குட்டியின் தாய் என்று கணக்கு வைத்து வளர்ந்தவள். கோடையில் வாருங்கள், ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். அவளுக்குப் பனிக்காடுதான் வேண்டுமாம். ரொறன்ரோவுக்கு வடக்கே அல்கொன்குவின் பூங்காவில் மூன்று நாள் நின்று, பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ போட்டு நடந்து, மூஸ் என்ற பெரிய மானைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து ஒரு ஐஸ் ஹொக்கி ஆட்டம் பார்க்க வேண்டும். இதுதான் அவளுடைய திட்டம்.

நான் வாழ்க்கையில் பட்ட பெரிய குளிர் நுவரெலியாக் குளிர்தான். எதை உடுத்துவது, எனக்கு 51 வயது, ஸ்னோஷூ போட்டு நடக்க ஏலுமா, மூஸைக் காண்பதற்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை_ஸ்காபரோ, டிசம்பர் 14, இரவு 10.15

தங்கச்சி, நான் உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன். இங்கே வந்து 16 வருடம். ஒவ்வொரு மாரியிலும், அதாவது பனிக்காலத்திலும், பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறேன். தாராளமாக நடக்கலாம், 51 எல்லாம் ஒரு வயதே இல்லை.

முதலில் உடுப்பு. பருத்தியை மறந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எவ்வளவு சுகமோ, அங்கே அவ்வளவு ஆபத்து. வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்திருக்கும். நடையை நிறுத்தியவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். உடம்போடு ஒட்ட மெல்லிய கம்பளி, அதற்கு மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி உடுப்பு, அதற்கு மேல் காற்று புகாத ஒரு ஜக்கெற். இந்த மூன்றும் தனித்தனியாக இருந்தால் தேவைக்கு ஏற்ப கழற்றலாம், போடலாம். நடக்கத் தொடங்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். காரிலிருந்து இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும்.

கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். சப்பாத்து கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். இரண்டு தடித்த காலுறையைத் திணித்துப் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். கொழும்பில் எதையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்ல சாமான் மலிவாக எடுக்கலாம்.

காற்றும் சேரும்போது உடம்பு உணரும் குளிருக்குக் காற்றுக் குளிர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது -28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அப்படியான நாளில் நடை வேண்டாம்.

இனி ஸ்னோஷூ. கந்தளாய்க் குளத்தில் தாமரை இலை மேல் இலைக்கோழி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நீண்ட விரல்கள் பாரத்தைப் பரப்பிவிடுவதால் இலை அமிழாது. ஸ்னோஷூவும் அதே வேலைதான். வெறும் சப்பாத்தோடு தொடைவரை புதையும் பனியில் ஒரு சாண்கூடப் புதையாமல் நடக்கலாம். அங்குள்ள முதற்குடி மக்கள் ஆஷ் என்ற மரத்தை நீராவியில் வளைத்து, பதனிடாத தோல்வாரால் பின்னிச் செய்தது அது. இப்போது அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக்கும். ஐஸில் வழுக்காமல் இருக்க அடியில் இரும்புப் பல் இருக்கும். காலைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள். பின்னோக்கி மட்டும் அடி வைக்காதீர்கள், பின்வால் பனியில் குத்தி விழுத்திவிடும். திரும்புவதென்றால் சின்ன வட்டமாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். யாரும் நடக்காத புதுப்பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் முழுப்பாடும், அதனால் மாறி மாறி முன்னால் போங்கள். 2 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அலஸ்தோட்டம், டிசம்பர் 15, காலை 6.05

நல்ல இழை. நானும் அம்மாவும் அடுத்த வருடம் போவதாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் நோ. அவ ஸ்னோஷூ போடலாமா?

உவர்மலை_ஸ்காபரோ, டிசம்பர் 15, காலை 7.30

முழங்கால் நோவென்றால் வேண்டாம் தம்பி. காலை வழமையைவிட உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும். பூங்காவின் பார்வையாளர் நிலையத்தில் பெரிய கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்து பறவைகளைப் பார்க்கட்டும், அதுவே ஒரு நாளுக்குப் போதும்.

கோட்டை_வாசல், டிசம்பர் 15, இரவு 9.20

அக்கா, உங்கள் மகளை நான் கோட்டையில் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். நானும் மான்களுக்காகக் காலையில் அங்கே போகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் அல்கொன்குவினில் ஐந்து நாள் நின்றேன்.

அது 1893இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். நம் திருகோணமலை மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலே 2,727தான். அவ்வளவு பெரிய காட்டின் தெற்குப் பக்கமாக 60ஆம் இலக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் ஓடுகிறது. நீங்கள் நடக்கப்போகும் தடங்கள் எல்லாம் அந்தச் சாலையிலிருந்துதான் பிரிகின்றன.

மூஸைப் பற்றி ஆசை காட்டி ஏமாற்ற விரும்பவில்லை. மே, ஜூனில் சாலையோரப் பள்ளங்களில் தேங்கிய உப்புத் தண்ணீருக்காக அவை வெளியே வரும், அப்போது காண்பது சுலபம். மாரியில் ஊசியிலை மரங்களின் கீழ், காட்டுக்குள்ளேயே நிற்கும். கொம்போடு ஒரு கிடாயைக் காணலாம் என்றும் நினைக்க வேண்டாம், டிசம்பர், ஜனவரியில் கொம்பு விழுந்துவிடும். ஆனால் அது வந்து போன அடையாளங்களைக் கட்டாயம் காண்பீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் கடித்து முறித்த சுள்ளிகள், மேப்பிள் மரத்தில் பல்லால் உரித்த பட்டை, பாக்கு அளவில் உருண்டை உருண்டையான எச்சம். குளம்புத் தடம் ஆழமான குழிகளாக, நம்முடைய இரண்டு எட்டுக்கு ஒன்றாக இருக்கும்.

உண்மையில் பனிக்காட்டில் பார்ப்பதைவிட வாசிப்பதுதான் அதிகம். விடிய நிலாவெளி மணலில் நண்டும் பறவையும் போன தடம் தெரியுமே, அதுபோல இரவு முழுக்க நடந்தது எல்லாம் பனியில் எழுதியிருக்கும். ஸ்னோஷூ முயல் என்றே ஒரு முயல் இருக்கிறது, பின்னங்கால் பாதம் அவ்வளவு அகலம், மாரியில் வெள்ளையாகிவிடும். ரஃப்ட் குரௌஸ் என்ற காட்டுக்கோழிக்கு மாரி தொடங்கும்போது விரலோரங்களில் சீப்புப் பல் போல வரிசையாக முளைத்து, வசந்தத்தில் உதிர்ந்துவிடும். மனிதன் செய்த ஸ்னோஷூவுக்கு முன்னோடி இவைதான்.

மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்: ஸ்புரூஸ் பொக் என்ற 1.5 கிலோமீற்றர் தடத்தில் கனடா ஜே என்ற பறவை நிற்கும். சாம்பல் நிறம், நம் மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கும் உணவை எச்சிலால் ஒட்டி, மரப்பட்டைக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்து வைத்து, மாரியை அதை வைத்தே ஓட்டும். பனி உருகுமுன்பே கூடு கட்டி முட்டையும் இட்டுவிடும். இலையுதிர் காலம் சூடாகிக்கொண்டே போனால் ஒளித்து வைத்தது பழுதாகிவிடும் என்பதையும், அதனால் அங்கே அவற்றின் தொகை குறைகிறது என்பதையும் அந்தப் பூங்காவிலேயே பல பத்து ஆண்டுகள் பறவைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்துதான் கண்டார்கள்.

உவர்மலை_ஸ்காபரோ, டிசம்பர் 16, காலை 7.10

கனடா ஜே கையிலேயே வந்து உட்காரும் தங்கச்சி. உள்ளங்கையில் நாலு முந்திரிகை வற்றலை வைத்து நீட்டினால் போதும். என் பிள்ளைகள் சின்னதிலிருந்தே கொடுக்கிறார்கள். மறக்க மாட்டீர்கள்.

கோட்டை_வாசல், டிசம்பர் 16, மாலை 6.45

அண்ணை, உங்கள் பிள்ளைகளின் சந்தோசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் கொடுக்க மாட்டேன், கொடுக்கச் சொல்லவும் மாட்டேன். நம் ஊர் மான்களைப் பாருங்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை. பாசத்தில் ஒரு துண்டு பாண் கொடுத்தோம், ஒரு வாழைப்பழத்தோல் போட்டோம். இன்றைக்கு அவை பஸ் நிலையத்துக் குப்பையைக் கிளறி, சோறு கட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் சாகின்றன. இறந்த ஒரு பெண்மானின் இரைப்பையிலிருந்து எடுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பந்துபோல இறுகிய பொலித்தீன். அதன் பிறகு எந்தக் காட்டு உயிருக்கும் கையை நீட்ட எனக்கு மனம் வருவதில்லை.

உவர்மலை_ஸ்காபரோ, டிசம்பர் 16, இரவு 9.50

தம்பி, மானும் பஸ் நிலையமும் வேறு கதை. இந்தப் பறவை கொடுத்ததைத் தின்னாமல் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறது. அதனால் அதற்கு என்ன கேடு?

கோட்டை_வாசல், டிசம்பர் 16, இரவு 10.20

அந்த ஒரு பறவைக்குப் பெரிய கேடு இல்லாமல் இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார் தரிப்பிடத்தில் சிந்துவதைத் தேடி மார்ட்டின் என்ற கீரி போன்ற விலங்கு வரும், நரி வரும். பக்கத்திலேயே 80 கிலோமீற்றர் வேகத்தில் கார்கள் ஓடும் சாலை. மனிதன் நின்றால் சாப்பாடு என்று ஒன்று பழகிவிட்டால் அதைத் திரும்ப மறக்க வைக்க முடியாது. நாம் மறக்க வைக்க முடியாமல்தானே இங்கே நிற்கிறோம்.

கிண்ணியாக்கரை, டிசம்பர் 17, பகல் 1.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என் மகன் ஒட்டாவாவில் படிக்கிறார். போன மாரியில் நான் போய் ஒரு மாதம் நின்றேன். நாள் இருந்தால் ஒட்டாவாவுக்கும் போங்கள். றிடோ கால்வாய் உறைந்ததும் நகரத்துக்கு நடுவே 7.8 கிலோமீற்றருக்குச் சறுக்கிப் போகலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு சறுக்குகிறார்கள், கிழவர்கள் கைகோத்துச் சறுக்குகிறார்கள். ஒன்று, போகுமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2022-23 மாரியில் ஐஸ் போதிய தடிப்பு இல்லாமல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, 1970களில் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக. குளங்களில் இறங்குவதும் அப்படித்தான். தெளிந்த ஐஸ் 10 சென்ரிமீற்றராவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம், வெள்ளையாகத் தெரியும் ஐஸுக்கு அந்தப் பலம் இல்லை. ஊர்க்காரர் நடந்த தடம் இல்லாத இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

கடல்முகம், டிசம்பர் 17, இரவு 8.00

நானா, அண்ணை, தம்பி, எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகள் கொப்பியில் எழுதிவிட்டாள். ஜே விடயத்தில் அவள் முடிவெடுத்துவிட்டாள், வெறுங்கையோடுதான் போகிறாளாம். ஹொக்கியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மக்கெய்சர்_புல், டிசம்பர் 18, மாலை 5.30

நான் சொல்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் புல்தரை ஹொக்கி விளையாடியவள், ரொறன்ரோவில் அக்கா வீட்டில் நின்றபோது ஐஸ் ஹொக்கிக்கு அடிமையாகிவிட்டேன்.

ஒரு பக்கம் 6 பேர், அதில் ஒருவர் கோல் காப்பாளர். 20 நிமிடப் பகுதி மூன்று. தரை ஏறத்தாழ 60 மீற்றர் நீளம், 26 மீற்றர் அகலம். நம் மைதானத்தைவிடச் சின்னது, ஆனால் சுற்றிவரப் பலகை அடித்திருப்பதால் பந்து இலகுவில் வெளியே போகாது, ஆட்டம் அடிக்கடி நிற்காது. பந்தென்பது பந்தில்லை, பக் என்ற கறுப்பு ரப்பர்த் தட்டு. 170 கிராம் பாரம், குறுக்களவு 7.6 சென்ரிமீற்றர். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்திருப்பார்கள். வீரர்கள் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஓடிவிட்டு மாறுவார்கள்; ஆட்டத்தை நிறுத்தாமலே வேலியைத் தாண்டிக் குதித்து மாறுவார்கள். முதலில் பக் எங்கே என்றே தெரியாது. அதைத் தேடாதீர்கள், ஆட்களைப் பாருங்கள், கண் தானாகப் பழகும். எதிரணிப் பக்கத்தில் ஐஸில் ஒரு நீல நிறக் கோடு இருக்கும்; அதை பக் தாண்டுமுன் தாக்குகிறவர் தாண்டினால் ஓஃப்சைட் என்ற தவறு. ஆரம்பத்துக்கு இது ஒன்று போதும்.

இடைவேளையில் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழும்புவார்கள். நீங்கள் எழும்ப வேண்டாம். சம்போனி வண்டி வரும். கீறுப்பட்ட ஐஸை மேலாகச் சீவி எடுத்துவிட்டு, பின்னால் சுடுதண்ணீரை மெல்லிய படலமாக விட்டுக்கொண்டு போகும். சுடுதண்ணீர் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி, அதோடு ஒட்டிச் சமமாக உறையும். கண்ணாடி மாதிரித் தரை வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நுழைவுச்சீட்டு விலை தாங்க முடியாது. 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணம் வெல்லாத அணி, ஆனாலும் அரங்கு நிறையும். அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் தொழில்முறை லீக் ஆட்டத்துக்குப் போங்கள். அந்த லீக்கின் முதல் ஆட்டமே 2024 ஜனவரி 1 அன்று ரொறன்ரோவில்தான் நடந்தது. சின்னப் பெண்பிள்ளைகள் பதாகை பிடித்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நமக்கு அந்த வயதில் மைதானம் கிடைப்பதே பெரிய பாடு.

கடல்முகம், மார்ச் 10, இரவு 9.15

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை -19. மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது. அந்தக் குளிரில் பனி மிதிபடும்போது ஒரு சத்தம் வரும். சோளமாவை விரலால் நசித்தால் கிறீச்சென்று வருமே, அது. பத்து அடி வைப்பதற்குள் பயம் போய்விட்டது. இலைக்கோழி என்று அண்ணை சொன்னதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு கஷ்டம். வாடகைக்கு எடுத்த ஸ்னோஷூவின் ரப்பர் வார் குளிரில் வெடித்து அறுந்துவிட்டது. ஏற்கெனவே கீறல் இருந்திருக்கிறது, கடையில் பார்த்துத் தரவில்லை, நானும் பார்க்கவில்லை. மிட்டனைக் கழற்றிக் கயிறு கட்ட எனக்கு ஏழெட்டு நிமிடம் பிடித்தது. அதற்குள் விரல் நுனி வெள்ளையாகி உணர்ச்சி போய்விட்டது. தேய்க்க வேண்டாம் என்று மகள் என் கையைத் தன் கழுத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். உணர்ச்சி திரும்பியபோது வந்த வலியை மறக்க மாட்டேன். வாடகைக்கு எடுப்பவர்கள் வாரை வளைத்துப் பார்த்து வாங்குங்கள், ஒரு துண்டுக் கயிறும் பையில் இருக்கட்டும்.

கயிற்றைக் கட்டி எழும்பி ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம், மகளின் காலுக்குப் பக்கத்தில் பனி வெடித்தது. காட்டுக்கோழி! குளிருக்காகப் பனிக்குள் புதைந்து படுத்திருந்திருக்கிறது. அது பறந்துபோன பிறகு குனிந்து பார்த்தோம். உள்ளங்கை அளவில் ஒரு குழி, உள்ளே நாலைந்து எச்சம், குழியின் இரண்டு பக்கமும் பனியில் சிறகு அடித்த தடம். ஒவ்வொரு இறகும் தனித்தனிக் கோடாகத் தெரிந்தது. மகள் அந்தத் தடத்தை மட்டும் இருபது படம் எடுத்தாள்.

ஸ்புரூஸ் பொக்கில் ஜே வந்தது, இரண்டு. கையில் ஒன்றும் இல்லை என்று கண்டும் ஒன்று என் ஊன்றுகோல் பிடியில் வந்து உட்கார்ந்தது. ஒரு முழ தூரம். குளிருக்கு உடம்பை உப்பிக்கொண்டு, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு ஸ்புரூஸ் மரத்தில் தொங்கிய பாசியை விலக்கி, உள்ளேயிருந்து எதையோ இழுத்தெடுத்துத் தின்றது. தானே ஒளித்து வைத்ததைத் தானே எடுத்துத் தின்பதைப் பார்த்தோம். கையில் வற்றல் வைத்திருந்தால் அதைக் கண்டிருக்க மாட்டோம் என்று மகள் சொல்கிறாள்.

மூஸ், கடைசி நாள். நம்பிக்கையை விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஐந்து மணியளவில், சாலையிலிருந்து அறுபது மீற்றர் தள்ளி ஒரு தாயும் போன வருடத்துக் குட்டியும். அண்ணன் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சன்னலைத் திறந்தால் சுள்ளி முறியும் சத்தம் மட்டும். குட்டி இடுப்பளவு பனியில் அந்த நீளக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது. தாய் தின்றுகொண்டே ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தது. கோட்டையில் குட்டி ஈன்ற மான்கள் அப்படித்தான் நிற்கும். பன்னிரண்டு நிமிடம். ஒருவரும் பேசவில்லை.

ஹொக்கி பற்றி: பெண்கள் ஆட்டம் பார்த்தோம், சம்போனிக்கு எழும்பாமல் இருந்தோம். ஆனால் மகளின் மனதில் நிற்பது வேறு. பூங்காவுக்குள் மியூ லேக் முகாமிடத்தில் ஒரு சின்ன ஐஸ் தரை இருக்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி இவளைக் கூப்பிட்டு ஒரு மட்டையைக் கொடுத்து, சறுக்குச் சப்பாத்து இல்லாததால் கோலில் நிற்கச் சொன்னாள். இருட்டும்வரை நின்றாள். மூன்று தடுத்தாள்.

உவர்மலை_ஸ்காபரோ, மார்ச் 10, இரவு 11.00

வாசித்து முடித்து அப்படியே இருந்துவிட்டேன் தங்கச்சி. 16 வருடத்தில் அந்தப் பறவை ஒளித்ததை எடுத்துத் தின்று நான் பார்த்ததில்லை. அடுத்த முறை வற்றல் வீட்டிலேயே இருக்கட்டும்.

கோட்டை_வாசல், மார்ச் 11, காலை 5.50

நன்றி அண்ணை. அக்கா, அந்தச் சிறகுத் தடப் படத்தைக் கட்டாயம் இங்கே போடச் சொல்லுங்கள்.

அலஸ்தோட்டம், மார்ச் 11, காலை 8.20

அக்கா, நாங்கள் அடுத்த ஜனவரியில் போவதாக முடிவாகிவிட்டது. அம்மா சன்னலோரம், நான் பனியில். அந்தக் கம்பளி உடுப்புகளை என்ன செய்தீர்கள்?

கடல்முகம், மார்ச் 11, இரவு 7.40

எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன் தம்பி, இந்த ஊரில் எனக்கு எதற்கு? அம்மாவுக்கு என் ஜக்கெற்றும் மிட்டனும் சரியாக இருக்கும், சப்பாத்து 38 அளவு. கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் மகளும் கோட்டையில் நிற்போம். அங்கேயே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.